பதினான்காவது பெயர்

செப்டம்பர் 2, திங்கள்

கணிதத்துறையின் கலைச் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தபோது கை தட்டியவர்கள் நாற்பது பேர். இன்று ஒத்திகைக்குப் பெஞ்சு தூக்க வந்தவர்கள் இரண்டு பேர், ரபீக்கும் லூர்துவும். மூன்றாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த கௌரவம் இவ்வளவுதான்.

கலைவாரம் இருபத்து மூன்றாம் தேதி தொடங்குகிறது. கோலம், ஓவியம், மெல்லிசை, நடனம் எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை நாடகம். போன வருஷம் எல்லாவற்றிலும் எங்கள் துறைதான் கடைசி. "கணக்குப் பிள்ளைகளுக்குக் கலை எதுக்கு?" என்று வேதியியல்காரர்கள் மேடையிலேயே சொன்னார்கள். இந்த வருஷம் நாடகத்தை நானே எழுதியிருக்கிறேன். பெயர் 'பிறந்த வீட்டுச் சேலை'.

கதை இதுதான். ஒரு வீட்டில் அம்மா இறந்துபோகிறாள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தால்தான் எடுக்க முடியும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன்மாரும் ஆளுக்கொரு சேலையோடு வந்துவிடுகிறார்கள். எந்தச் சேலையை முதலில் போர்த்துவது என்று சண்டை. வெயில் ஏறுகிறது, பந்தலில் காப்பி தீர்ந்துபோகிறது, சண்டை தீரவில்லை. எல்லோரும் சிரிக்கவேண்டிய நாடகம். ரபீக் பெரிய மாமா. கீபோர்டும் அவன்தான், அதனால் மாமா நடுநடுவே மேடையை விட்டு ஓடுவார். லூர்து திரைச்சீலை வரைகிறான். பிணத்துக்கு விடுதியிலிருந்து இரண்டு தலையணையும் ஒரு போர்வையும் வாங்கிச் சுற்றியிருக்கிறோம். பிணத்தின் தலைமாட்டில் உட்காரும் மகளுக்கு வசனமே கிடையாது. அதனால் யாருக்கும் அந்த வேடம் வேண்டாம். நானே உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே இருந்தால் எல்லோரையும் கவனிக்க வசதி.

இன்று ஒரு கிறுக்குத்தனம் செய்துவிட்டேன். ஆகஸ்டு மாதம் முழுக்க மத்தியானங்களில் ஒத்திகைக்குப் போனவர்களுக்கு ஓ.டி. வாங்கவேண்டும். அதாவது வகுப்பில் இல்லாவிட்டாலும் கல்லூரி வேலையாக இருந்தார்கள் என்று வருகை போட்டுவிடுவார்கள். பட்டியலில் பதின்மூன்று பெயர்களை எழுதி முடித்து, துறைத்தலைவர் எமல்டா மேடத்தின் அறை வாசலில் நின்றேன். உள்ளே இரண்டாம் ஆண்டு செண்பகக்கனி நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, யாரும் கூப்பிட்டால்தான் நிமிர்வாள், அப்படி ஒரு பெண்.

"அறுபத்தோரு பர்சென்ட். எழுபத்தஞ்சு இல்லன்னா செமஸ்டர் எழுத முடியாது, தெரியும்லா? ஆகஸ்டுல எங்க போன?"

"அம்மாக்கு முடியல மேடம்."

"அம்மாக்கு என்ன?"

மேடம் மூன்று தரம் கேட்டார். அவள் மூன்று தரமும் தரையைப் பார்த்தாள். வெளியே வந்து தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். "ஒரு வருஷம் போச்சுன்னா எங்கப்பா படிப்பை நிப்பாட்டிருவாங்கக்கா. ஏற்கெனவே வீட்டுல இருந்தா நல்லதுன்னுதான் சொல்லிட்டு இருக்காங்க" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. படிவத்தில் பதினான்காவது வரி காலியாக இருந்தது. எழுதினேன். பக்கத்தில் 'வேடம்' என்று ஒரு கட்டம். யோசிக்க நேரமில்லை. 'பிணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

மேடம் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பட்டியலைச் சத்தமாகப் படித்தார்.

"பதினாலு. செண்பகக்கனி. வேடம், பிணம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆகஸ்டுல பதினாறு நாளும் வந்து பிணமா நடிக்கப் பழகினாளாக்கும்?"

"ரொம்பக் கஷ்டமான வேடம் மேடம். மூச்சு விடுறது தெரியக்கூடாதுலா?"

"உன் பேருக்கு நேரா செயலாளர்னு போட்டிருக்க. கட்டத்துல வேடம்னுலா இருக்கு? செயலாளர் ஒரு வேடமா?"

மேடம் கையெழுத்துப் போடவில்லை. பட்டியலை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "நாடகத்தன்னிக்கு முதல் வரிசையில இருப்பேன். பிணம் படுத்திருக்கணும். இல்லன்னா பதினாலு பேருக்கும் கிடையாது" என்றார்.

ஆக, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். இப்போது பட்டியலில் உள்ள மற்றப் பன்னிரண்டு பேரும் என்னைத் தின்றுவிடுவது போலப் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

கனியிடம் சொன்னேன். "பொணமாவா?" என்று கண்ணை விரித்தாள். மறுக்கப்போகிறாள் என்று நினைத்து, வசனம் கிடையாது, அழவேண்டாம், சிரிக்கவேண்டாம் என்று அடுக்கினேன்.

"அசையாமப் படுத்துக் கிடக்கணும், அவ்வளவுதானக்கா?"

"அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிசம்."

"தெனமுமா?" என்று கேட்டாள். குரலில் பயமில்லை. லட்டு தருகிறோம் என்று சொன்னதைப் போலத்தான் கேட்டாள்.

செப்டம்பர் 9, திங்கள்

கனியின் முதல் ஒத்திகை. பெஞ்சில் படுத்த நான்காம் நிமிடம் தூங்கிப்போனாள். நடிப்பு இல்லை, அசல் தூக்கம். ரபீக் காதருகே கீபோர்டில் சங்கு ஊதினான். அசையவில்லை. சின்ன மாமா சண்டையில் பெஞ்சை எட்டி உதைத்தான். அசையவில்லை. "இவளை மாதிரி பொணம் மாவட்டத்துலயே கிடைக்காது" என்றான் லூர்து.

தலையணையும் போர்வையுமாக இருந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆள் படுத்திருப்பது வேறாக இருக்கிறது. முதல் காட்சியில் அவளுக்கு மஞ்சள் பூசிய முகம், பெரிய குங்குமம். நான் தலைமாட்டில் அவள் வலப்பக்கமாக உட்கார்ந்து பெஞ்சு விளிம்பில் நெற்றியை வைத்துக்கொள்ளவேண்டும். இன்று எனக்குத் தலைவலி. பாதியில் எழுந்துபோய் மைக்குக்காரருக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 11, புதன்

அப்பா சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

செப்டம்பர் 12, வியாழன்

லூர்து திரையில் பந்தல் வரைந்துவிட்டான். வாழைமரம் வேறு வரைந்திருந்தான். "ஏல, சாவு வீட்டுல குலை தள்ளுன வாழையைக் கட்டுவாங்களா?" என்று திட்டினேன். நல்ல வாழையை அழிக்க மனசில்லாமல் அதன்மேல் ஒரு சைக்கிளைச் சாத்திவைத்திருக்கிறான்.

மேடைச் சாமான் பட்டியல் முடிந்தது. குத்துவிளக்கு, மரப்பெஞ்சு, காப்பி டம்ளர் பன்னிரண்டு, கோடிச் சேலை இரண்டு. ஒன்றை விடுதி வார்டனிடம் இரவல் வாங்கினேன். இன்னொன்று எங்கள் வீட்டுப் பீரோவில் மடிப்புக் கலையாமல் சும்மா கிடந்தது. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. யாரும் உடுத்தாத சேலை. எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்கவேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

கனியைப் பற்றி ஒன்று. அவள் மேல் ஒரு வாசனை வருகிறது. வசம்பா, பவுடரா என்று தெரியவில்லை, இரண்டும் போலத்தான். சுடிதார் தோளில் வெள்ளையாக ஒரு கறை. கேட்டால், "மோர் சிந்திட்டுக்கா" என்கிறாள். தோளில் யாராவது மோர் சிந்துவார்களா? பிறகு தூக்கத்தில் அவள் வலதுகை பெஞ்சைத் தட்டியது. மெதுவாக மூன்று தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. மறுபடி மூன்று, ஒன்று. கனவில் தாளம் போடுகிறாள் போலும். பாட்டுக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

அம்மாவுக்கு என்ன என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "இப்பம் பரவாயில்லக்கா." அவ்வளவுதான் பதில். புற்றுநோயோ என்னவோ. சில வீடுகளில் பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள். எனக்கு அது தெரியும்.

செப்டம்பர் 16, திங்கள்

பிணம் தாளம் போட்டால் நாடகம் கெட்டுவிடும். லூர்துதான் வழி சொன்னான். "நெசமான சாவுல கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவாங்கள்லா? கட்டிருவோம்."

கிழிந்த வேட்டியிலிருந்து ஒரு நாடா கிழித்து நானே கட்டினேன். மார்பின் மேல் கைகளைக் கோத்து, கட்டைவிரல்களைச் சேர்த்து இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. கனி அதற்குள் தூங்கியிருந்தாள். கை சூடாக இருந்தது.

"நீ ஏற்கெனவே கட்டிருக்கியா? இவ்வளவு கரெக்டா கட்டுத" என்றான் ரபீக்.

"எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதானே. போய் உன் வசனத்தைப் படி" என்றேன். அதட்டிப் பேசியிருக்கவேண்டாம். பாவம், அவன் சும்மாதான் கேட்டான்.

செப்டம்பர் 18, புதன்

மேடம் திடீரென்று ஒத்திகைக்கு வந்துவிட்டார். இரண்டு மாமாமாரும் சிலையாக நின்றார்கள். மேடம் நேராகப் பிணத்திடம் போனார். குனிந்து பார்த்தார். கனி லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"இது நடிப்பா, தூக்கமா?"

"வேடத்துக்குள்ளயே போயிட்டா மேடம்" என்றான் ரபீக்.

மேடம் சிரிக்கவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். போகும்போது என்னிடம், "சாப்பிடுதாளா இவ?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

லூர்துவோடு சண்டை. நாடகத்தின் முடிவு சரியில்லையாம். கடைசியில் ஊர்ப் பெரியவர் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு சேலையை எடுக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், திரை விழுகிறது. "அதெல்லாம் சரி. மக என்ன செய்யுதா? நாப்பது நிமிசமா கல்லு மாதிரி இருக்கா. கடைசியிலயாவது அழணும்லா?" என்கிறான்.

"அழமாட்டா."

"அதான் ஏன்?"

"அழுகை வரல. அதனால அழல. எழுதுனது நான், எனக்குத் தெரியும்."

"யாரு வீட்டுலயாவது பெத்த தாயி செத்து…" என்று ஆரம்பித்தவன் ஏனோ நிறுத்திவிட்டான். ரபீக் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். என் வீட்டுக் கதையை இவர்கள் யாரிடம் கேட்டார்கள்? போன வருஷம் சித்திரையில் துறையிலிருந்து மாலையோடு வந்தவர்களில் ரபீக்கும் இருந்தானோ என்னவோ, எனக்கு நினைவில்லை. அன்று யார் வந்தார்கள் என்று எதுவுமே நினைவில்லை. பெரியத்தை சொன்ன ஒரு வார்த்தை மட்டும்தான் நினைவிருக்கிறது. "பிள்ள கல்லு மாதிரி இருக்கா பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல." அந்த வரியை நாடகத்தில் சேர்த்திருக்கிறேன். அங்கே நன்றாகச் சிரிப்பார்கள்.

மற்றபடி நாடகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

கோலப்போட்டி. எங்கள் பெண்கள் நூற்று இருபத்தோரு புள்ளி வைத்து, கணக்குப் பிசகாமல் போட்டார்கள். நடுவர் தெரியாமல் மிதித்துவிட்டார். இரண்டாம் பரிசு, பரிகாரமாக.

செப்டம்பர் 25, புதன்

மெல்லிசை. ரபீக் வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது. அவன் கீபோர்டை விட்டுவிட்டு மேஜையில் தாளம் தட்ட, எங்கள் பிள்ளைகள் அப்படியே பாடி முடித்தார்கள். முதல் பரிசு! வேதியியல்காரர்கள் ஜெனரேட்டர் அறைக்கு நாங்கள்தான் ஆள் அனுப்பினோம் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 26, வியாழன்

கனி இன்று கண் சிவந்து வந்தாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். ஆனால் அவள் பதறியது வேறொன்றுக்காக.

"எக்கா, எங்கம்மா நாளைக்கு நாடகம் பாக்க வாராங்களாம்."

"வரட்டுமே. எழுந்து நடமாடுதாங்கன்னா நல்லதுதானட்டி."

"நான் ராணி வேஷம்னுலா சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. பிறகு அவள் முகம் மாறியது. "எங்கம்மா வரக்கூடாதுக்கா. எல்லாரும் பாத்துருவாங்க" என்றாள். என்னத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

அப்பாவிடம் நாளை நாடகம் என்று சொன்னேன். "என்ன நாடகம்?" என்றார். "சிரிப்பு நாடகம்" என்றேன். தபால் ஆபீசில் லீவு கிடைக்காது என்றார். நல்லது.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று எழுத வரவில்லை. நாளை.

செப்டம்பர் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நேற்று மூன்று மணிக்கு எங்கள் முறை. மேடம் சொன்னபடி முதல் வரிசையில், மடியில் எங்கள் பட்டியல். கனிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துப் படுக்கவைத்தேன். கட்டைவிரலைக் கட்டும் நாடா என் பையில்தான் இருந்தது. கட்ட மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. எடுத்துக் கையில் வைத்திருந்தேன். இன்னொரு தரம் அதைக் கட்ட என்னால் முடியவில்லை.

திரை உயர்ந்தது. நாங்கள் நினைத்ததைவிட நன்றாகச் சிரித்தார்கள். சைக்கிள் சாத்திய வாழைக்கே ஒரு கைதட்டல். பெரிய மாமா ரபீக், எங்கள் வீட்டு மஞ்சள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எந்தங்கச்சிக்கு நாந்தான் முதல்ல போத்துவேன்" என்று மல்லுக்கு நின்றான். சின்ன மாமா வார்டனம்மாவின் சேலையோடு பாய்ந்தான். அத்தை வேடக்காரி அந்த வரியைச் சொன்னாள். "பிள்ள கல்லு மாதிரி இருக்கா பாரு." அதற்கும் சிரித்தார்கள். நான் பெஞ்சு விளிம்பில் நெற்றியை வைத்துத் தரையை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு பலகை. கனி அப்போதே நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

சீட்டுக் குலுக்குவதற்குச் சற்று முன்பு, அரங்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழந்தை அழுதது. பச்சைக் குழந்தையின் வீறிடல்.

முதல் தட்டு என் பின்மண்டையில் விழுந்தது. எனக்குப் புரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கொஞ்சம் நிறுத்தி நான்காவது. பிணத்தின் வலதுகை மார்பிலிருந்து இறங்கி, கிடைத்த தலையைத் தட்டிக்கொண்டிருந்தது. அது என் தலை. அழுகை கூடக்கூடத் தட்டும் கூடியது. கண் மூடியபடியே, "ம்ம்… ம்ம்… ஒண்ணுமில்ல… அம்மா இந்தா வாரா" என்று முனகினாள். அவளுக்கு எதிரேதான் மைக்.

அரங்கம் அதிர்ந்தது. "ஏல, பொணம் தாலாட்டுதுல!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. எல்லாம் போச்சு, ஓ.டி. போச்சு, கனியின் வருஷம் போச்சு என்று எனக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும். செயலாளர் என்றால் அதைத்தான் செய்திருக்கவேண்டும். என் கை எழும்பவில்லை.

அம்மா என்னை இப்படித் தட்டியதில்லை. அவளுக்குக் கொஞ்சத் தெரியாது. சடை பின்னும்போது தலையில் குட்டுவாள், அவ்வளவுதான். ஆனாலும் ஆசுபத்திரியில் கடைசி நாள், நான் கட்டில் விளிம்பில் தலைவைத்துத் தூங்கியபோது யாரோ என் தலையில் கைவைத்தது போலிருந்தது. கண் விழித்தபோது கை கட்டிலில் கிடந்தது. கைவைத்தாளா, நான் கனவு கண்டேனா என்று ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடம் கேட்பது?

நான் அழுதேன். மேடையில், அத்தனை பேர் முன்னால், சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதேன். "அம்மா" என்றும் சொன்னேனாம். ரபீக் பிறகு சொன்னான். சிரிப்பு எப்போது அடங்கியது என்று தெரியாது. நிமிர்ந்தபோது அரங்கத்தில் சத்தமே இல்லை, குழந்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தது. கனியின் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

ரபீக்குக்கு வசனம் மறந்துவிட்டது. என்னையும் கனியையும் பார்த்தான். பிறகு சீட்டுக் குலுக்க வந்தவரை ஒதுக்கிவிட்டு, சின்ன மாமாவின் கையிலிருந்த சேலையை வாங்கி, தன் சேலையோடு சேர்த்து ஒன்றாக விரித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் போர்த்தினான். நாடகத்தில் அப்படி இல்லை. லூர்து திரையை இறக்கிவிட்டான்.

திரைக்குப் பின்னால் கனி எழுந்து உட்கார்ந்து, "முடிஞ்சிட்டாக்கா? நல்லாப் படுத்திருந்தேனா?" என்று கேட்டாள். அதற்குள் எமல்டா மேடம் படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள், நாற்பது வயதுக்கு மேலிருக்கும், வெளிறிப்போன முகம், மார்போடு அணைத்த துணிப்பொதியில் ஒரு சின்னக் குழந்தை.

"ஏட்டி, ராணின்னு சொன்ன? இந்தக் கோலத்துலயா உன்னைப் பாக்க வந்தேன்?" என்று அந்த அம்மாள் அழத் தொடங்கினாள்.

"இது யார் குழந்தை?" என்றார் மேடம்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் குழந்தையை மூடினாள். மேடையில் பத்துப் பேர் இருந்தோம், வேதியியல் துறைக்காரர்கள் வேறு அடுத்த நாடகத்துக்குச் சாமான் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கனி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பெஞ்சிலிருந்து இறங்கி, அம்மாவிடம் போய், குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் பூசிய முகமும் குங்குமமுமாக, நிஜமாகவே ராணி மாதிரிதான் நின்றாள்.

"எந்தம்பி மேடம். பொறந்து எட்டு வாரம் ஆகுது. அம்மாவுக்கு ஆபரேசன், ரத்தம் ரொம்பப் போயிட்டு. ஆகஸ்டு பூரா நான் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். ஒத்திகைக்கு வரல. அக்கா எனக்காகப் பொய் எழுதுனாங்க." தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "இந்த வயசுல எங்கம்மைக்குப் பிள்ள பொறந்திருக்குன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. இப்பம் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. லூர்து, "பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்து, "திங்கக்கிழமை ரெண்டு பேரும் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிணம் அசைந்ததற்காக நடுவர்கள் பத்து மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பரிசு ஒன்றும் இல்லை.

வெளியே வந்தால், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அப்பா. லீவு கிடைத்திருக்கிறது, சொல்லவில்லை. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். பாலம் தாண்டியதும் அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "அன்னிக்கு நானும் ரெண்டு சேலையையும் ஒண்ணாப் போத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணலட்டி" என்றார். அம்மாவுக்குப் போர்த்தாமல் அன்று மிஞ்சிய பச்சைக்கரைச் சேலையை அவர் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்.

அம்மா கடைசியாக என் தலையில் கைவைத்தாளா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் அன்று ஆசுபத்திரி அறை வாசலில் நின்றாராம்.

"வச்சாளே. நீ நல்லாத் தூங்கிட்டு இருந்த. எழுப்பாதீங்கன்னு எங்கிட்டச் சைகை காட்டுனா."

ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில் உப்பில்லாச் சாம்பார் சாப்பிட்டிருக்கிறோம். இதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

கனியும் நானும் மேடத்தின் முன் நின்றோம். இன்று கனியின் தோளில் கறை இருந்தது. மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அவள் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாளாம், பிணமாகப் படுத்த தோஷத்துக்கு. இருமி இருமித் தம்பி விழித்துக்கொண்டதுதான் மிச்சம் என்றாள்.

மேடம் என்னை ஐந்து நிமிடம் திட்டினார். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, எனக்கு உரியதுதான். பிறகு கனியிடம், "அம்மாக்கு என்னன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு நாடகம் வேண்டாம்லா? எங்கம்மாவுக்கு நான் பி.யு.சி. படிக்கும்போது தங்கச்சி பொறந்தா. ஒரு வருஷம் நான் யார் முகத்தையும் பாக்கல" என்றார். இதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தார்.

கனியின் ஆகஸ்டு நாட்களை அடித்துவிட்டார். செப்டம்பர் ஒத்திகை நாட்கள் கண்ணால் பார்த்தவை, அவற்றுக்கு ஓ.டி. உண்டு. மீதிக்கு ஆசுபத்திரிச் சீட்டோடு விண்ணப்பம் எழுதவேண்டும், அதை மேடமே முதல்வரிடம் கொண்டுபோகிறார். "செமஸ்டர் எழுதலாமா மேடம்?" என்று கனி இரண்டு தரம் கேட்டாள். "எழுதலாம். பாஸ் பண்ணுறது உன் பாடு" என்றார் மேடம். கனி அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, பிடித்தபடியே தட்டியது.

பட்டியல் அடித்தல் திருத்தலாக இருந்ததால் புதிய படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ரபீக், பெரிய மாமா. லூர்து, திரை. பதினான்காவது, செண்பகக்கனி, பிணம். எழுதி நீட்டினேன். மேடம் விரலை முதல் வரியில் வைத்தார்.

"ஆவுடையம்மாள், செயலாளர். மறுபடியும் அதே தப்பு. வேடம் எழுதுன்னுலா சொன்னேன்?"

வாங்கி, செயலாளர் என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே 'மகள்' என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.